இரவு தங்க இடம் தராத புறாத்தீவு

திருகோணமலைத் துறைமுக மாவட்டத்தில் கடலோடு சட்டமும் சேர்ந்து காவல் காக்கும் தீவுகள் சில உள்ளன. உள்துறைமுக நீர்ப்பரப்பில் கிடக்கும் பெரிய சோபர் தீவும் சின்னச் சோபர் தீவும் 1963ஆம் ஆண்டில் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டவை. லிங்கநகர் முதலான துறைமுகத்தை அண்டிய குடியிருப்புகளில் வாழ்வோருக்கு அவை பழகிய பெயர்களே எனினும், கடற்படையின் கட்டுப்பாட்டிலுள்ள நீரில் அவை அமைந்திருப்பதால் விரும்பியபோது சென்று இறங்கக்கூடிய இடங்களாக அவை இருந்ததில்லை. அதே 1963இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2003இல் தேசியப் பூங்காவாகத் தரம் உயர்த்தப்பட்ட புறாத்தீவின் கதை வேறு. நகரிலிருந்து உப்புவெளி, சாம்பல்தீவு வழியாக வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றர் சென்றால் வரும் நிலாவெளிக் கடற்கரைக்கு எதிரே, கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரத்தில் அது நிற்கிறது. நுழைவுச்சீட்டு வாங்கிப் படகில் ஏறும் எவரும் சில நிமிடங்களில் அங்கு கால் வைத்துவிடலாம். அந்த எளிமையே அத்தீவின் புகழுக்கும் அதன் துன்பத்துக்கும் காரணமாகியுள்ளது.

கூடாரம், படுக்கைச் சுருள், சமையல் அடுப்பு, சில நாள் உணவு ஆகியவற்றை ஒரே முதுகுப்பையில் அடக்கிக்கொண்டு கால்நடையாகவோ படகிலோ காட்டுப் பகுதிக்குச் சென்று இரவு தங்கிவரும் பயணமுறை, இலங்கை இளைஞரிடையே கடந்த சில ஆண்டுகளில் நன்றாகவே வேரூன்றிவிட்டது. மலைநாட்டில் தொடங்கிய இவ்வழக்கம் கிழக்குக் கரைக்கும் வந்து சேர்ந்தபின், நீலக்கடலின் நடுவே ஆளில்லாத ஒரு சிறு தீவைக் கரையிலிருந்து பார்க்கும் பயணிக்கு அங்கே ஓர் இரவு கழித்தால் என்ன என்னும் ஆசை எழுவது இயல்பு. ஆனால் புறாத்தீவில் இரவு தங்குவதற்கு அனுமதி இல்லை. பகலில் சென்றவர்கள் மாலைக்குள் கரை திரும்பிவிட வேண்டும். இந்தத் தடையை அதிகாரிகளின் கெடுபிடி என்று கருதுவோர் பலர் என்பதால், அதற்கு அடிப்படையாக அமையும் காரணங்களைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையது.

முதலில் சட்டம். இலங்கையின் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு அடித்தளமான தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டமாகும். பாதுகாக்கப்படும் நிலங்களை அது பல வகையாகப் பிரிக்கிறது. ஆய்வுக்கு அன்றி வேறெதற்கும் எவரும் நுழைய முடியாத இறுக்கமான இயற்கை ஒதுக்ககம் ஒரு முனையிலும், தனியார் காணிகளையும் தன்னுள் அடக்கக்கூடிய, நுழைவதற்கு அனுமதிச்சீட்டுத் தேவைப்படாத சரணாலயம் மறுமுனையிலும் நிற்க, தேசியப் பூங்கா இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அது முழுவதும் அரச நிலம். அனுமதிச்சீட்டுடன் மட்டுமே நுழையலாம். நுழைவதன் நோக்கமும் அங்குள்ள உயிரினங்களைப் பார்ப்பதும் அவற்றைப் பற்றி அறிவதுமாகவே இருக்கவேண்டும். இதற்கு மேலாக, உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரும் தாழ்நீர் மட்டக் கோட்டிலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றரும் கொண்ட பட்டையைக் கரையோர வலயம் என வரையறுக்கும் 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் எல்லைக்குள்ளும் இத்தீவு விழுகிறது. ஆகவே ஒரு கிலோமீற்றர் கடலைக் கடக்கும் பயணி இரண்டு சட்டங்களின் ஆளுகைக்குள் நுழைகிறார்.

சட்டத்தின் சொற்களைவிடப் பூங்காவின் அளவுகளே அதன் நோக்கத்தைத் தெளிவாகச் சொல்கின்றன. பூங்காவின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 471 ஹெக்டேர். அதிலுள்ள இரு தீவுகளில் பெரியதான புறாத்தீவு சுமார் 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும் கொண்டது. காக்கைத் தீவு என்றும் அழைக்கப்படும் மற்றையது அதைவிடச் சிறியது. பெரிய தீவை ஒரு நேர்த்தியான செவ்வகமாகவே எடுத்துக்கொண்டாலும் அதன் நிலப்பரப்பு 2 ஹெக்டேரைத் தாண்டாது. பூங்காவின் பரப்பில் அது அரை வீதத்துக்கும் குறைவு. எஞ்சியது பெரும்பாலும் கடல். அதாவது காப்பதற்காக அறிவிக்கப்பட்டது கண்ணுக்குத் தெரியும் பாறையைவிட, அதைச் சுற்றி நீருக்கடியில் படர்ந்திருக்கும் முருகைக்கற்பாறையே. தீவுக்குப் போவதாக எண்ணிப் படகேறும் பயணி உண்மையில் ஒரு முருகைக்கற்பாறையின் மேலாகவே இறக்கிவிடப்படுகிறார்.

முருகைக்கல் என்பது தாவரமோ வெறுங்கல்லோ அன்று. குண்டூசித் தலை அளவிலிருந்து சில சென்ரிமீற்றர் வரையான மெல்லுடல் விலங்குகள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்ந்து, தம்மைச் சுற்றிச் சுண்ணாம்புக் கூட்டைச் சுரந்து, தலைமுறை தலைமுறையாக எழுப்பும் கட்டடமே அது. அவற்றின் திசுக்களுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் சூரிய ஒளியிலிருந்து உணவு ஆக்கித் தம் விருந்தோம்பிக்குப் பங்கிடுகின்றன. முருகைக்கல்லின் நிறமும் பெரும்பாலும் அப்பாசிகளினுடையதே. ஒளி வேண்டுமென்பதால் இவை ஆழம் குறைந்த, தெளிந்த நீரையே நாடுகின்றன. அதனால்தான் புறாத்தீவின் கரையிலிருந்து சில அடிகள் நீந்தியதுமே நீச்சல் கண்ணாடியின் முன்னால் அவை தோன்றிவிடுகின்றன. மான்கொம்பு வடிவில் கிளைக்கும் வகைகள் உகந்த சூழலில் ஆண்டுக்கு 10 சென்ரிமீற்றர் அளவுக்கு வளரலாம். உருண்டையாகத் திரளும் வகைகளோ ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிது. நிலைதடுமாறிய ஒருவர் துடுப்புக் காலணியோடு ஒருமுறை ஊன்றி நின்றால் உடைவது எத்தனை ஆண்டு வளர்ச்சி என்பதை இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இப்பூங்காவில் 100 வரையான முருகைக்கல் இனங்களும் 300 வரையான பாறைமீன் இனங்களும் பதிவாகியுள்ளன. கருநுனித் துடுப்புடைய சிறு சுறாக்கள், குஞ்சுகளும் முதிர்ந்தவையுமாக, ஆழமற்ற நீரில் சுற்றித் திரிகின்றன; மனிதரைக் கண்டால் விலகிச் செல்லும் இயல்புடைய அவற்றைக் காண்பதற்காகவே பலர் இங்கு வருகிறார்கள். அழுங்காமை, பேராமை, பங்குனி ஆமை ஆகிய மூன்றும் இந்நீருக்கு வந்து போகின்றன. தீவுக்குப் பெயர் தந்த மாடப்புறாவோ, கோயில் கோபுரங்களிலும் சந்தைக் கூரைகளிலும் பெருகிக் கிடக்கும் புறாக்களின் காட்டு மூதாதை; பாறை இடுக்குகளில் முட்டையிடும் அதற்கு இத்தீவு முக்கியமான இனப்பெருக்க இடம். குடியேற்ற ஆட்சிக்காலத்தில் இதே தீவு துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்களமாகப் பயன்பட்டது என்பதை நினைத்தால், சட்டப் பாதுகாப்பு வந்து சேர்ந்ததற்கு முந்திய நிலை எப்படியிருந்திருக்கும் என்பது புரியும்.

1998ஆம் ஆண்டின் எல் நீனோவால் இந்து சமுத்திரம் வெப்பமடைந்தபோது இலங்கையின் தென், மேற்குக் கரையோர முருகைக்கற்பாறைகள் பெருமளவில் வெளிறி மாண்டன. வெளிறல் என்பது நீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது முருகை விலங்குகள் தம்முள் வாழும் பாசிகளை வெளியேற்றிவிட்டுப் பட்டினி கிடக்கும் நிலை; வழமையான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே அது நேரலாம். 2002இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட ஹிக்கடுவை அந்த வெப்பத்தில் பேரிழப்பைச் சந்தித்தது. திருகோணமலைப் பக்கத்துப் பாறைகளோ பெரும்பாலும் தப்பின. நாட்டில் எஞ்சியிருக்கும் சிறந்த முருகைக்கற்பாறைகளுள் ஒன்றாகப் புறாத்தீவு எண்ணப்படுவதற்கு இத்தற்செயலும் ஒரு காரணம். உலகின் நான்காவது பெரும் வெளிறல் நிகழ்வு நடந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டதை வைத்துப் பார்த்தால், அதே தற்செயல் என்றும் துணைநிற்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. வெப்பத்தைத் திருகோணமலையிலிருந்து தடுக்க முடியாது. ஆனால் மிதிபடுதல், நங்கூரம், கழிவு, வெடிவைத்து மீன்பிடித்தல் முதலிய உள்ளூர்க் காயங்கள் குறைந்த பாறையே வெப்பத்துக்குப் பின் மீண்டெழும் வாய்ப்புப் பெறுகிறது.

கூடாரம் அனுமதிக்கும் தீவுகள்

பாதுகாக்கப்பட்ட தீவு என்றாலே கூடாரத்துக்குக் கதவடைக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலக் கரைக்கு அப்பால் 1972இல் தேசியக் கடற்கரையாக அறிவிக்கப்பட்ட கம்பர்லாண்ட் தீவில், முதுகுப்பையோடு நடந்துசென்று காட்டு முகாம்களில் தங்குவது ஏற்கப்பட்ட வழக்கம். ஏறத்தாழ 28 கிலோமீற்றர் நீளமான அத்தீவுக்கு நாளொன்றுக்கு 300 பேர்வரை மட்டுமே படகில் அழைத்துச் செல்லப்படுகின்றனர். தங்கலுக்கு முன்பதிவு வேண்டும். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவருவது பயணியின் பொறுப்பு. கலிபோர்னியாவின் சனல் தீவுகள் தேசியப் பூங்காவிலும் ஐந்து தீவுகளில் முகாமிடலாம். பெரும்பாலான முகாம்களில் குடிநீர் கிடையாது என்பதால், ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 லீட்டர் வீதம் நீரைச் சுமந்து செல்ல வேண்டியுள்ளது. அங்கே அனகாப்பா தீவில் கடற்பறவைகளின் முட்டைகளைத் தின்றுவந்த எலிகளை ஒழிப்பதற்கு 2001, 2002ஆம் ஆண்டுகளில் பெரும் முயற்சி எடுக்கப்பட்டது. மனிதரோடும் கப்பல்களோடும் வந்தேறிய ஒரு சிறு விலங்கு தீவொன்றின் பறவைக் கூட்டத்தையே குலைத்துவிடும் என்பதும், சிந்திய உணவு அதற்கு விருந்தாகும் என்பதும் அங்கே பட்டுத் தெரிந்துகொண்ட பாடங்கள்.

இந்த எடுத்துக்காட்டுகளைக் காட்டி இலங்கையிலும் ஏன் கூடாது என்று கேட்பது நியாயமாகத் தோன்றலாம். ஆனால் சனல் தீவுகள் ஐந்தில் மிகச் சிறியதான சாண்டா பார்பராவே ஏறத்தாழ 260 ஹெக்டேர் பரப்புடையது. புறாத்தீவைப்போல நூற்றுக்கு மேற்பட்ட தீவுகளை அதற்குள் அடுக்கலாம். ஆகவே இங்கே அளவுகோலாக வேண்டியது நாடுகளின் தாராளமன்று, நிலத்தின் பரப்பு.

இதை விளங்கிக்கொள்ள முதுகுப்பைப் பயணிகளே தமக்கென வகுத்துக்கொண்ட ஒழுங்கொன்று போதும். கழிப்பறை இல்லாத இடத்தில் மலங்கழிக்க நேர்ந்தால் 15 முதல் 20 சென்ரிமீற்றர் ஆழத்தில் குழி தோண்டி மூடவேண்டும். அக்குழி எந்த நீர்நிலையிலிருந்தும் ஏறத்தாழ 60 மீற்றர் தள்ளி இருக்கவேண்டும் என்பது தடம் பதியாப் பயணம் என்னும் கோட்பாட்டின் உலகறிந்த விதி. 100 மீற்றர் அகலமுள்ள தீவில் கடலிலிருந்து மிகத் தொலைவான புள்ளிகூட அதிலிருந்து 50 மீற்றருக்கு மேல் விலகியிருக்க முடியாது. எனவே புறாத்தீவில் அந்த விதியை நிறைவேற்றக்கூடிய இடம் ஓரடிகூட இல்லை. பாறையும் முருகைக்கல் சிதைவுகளும் நிறைந்த தரையில் அத்தனை ஆழம் தோண்டுவதும் எளிதன்று. தோண்டினாலும் முதல் பெருமழை அதைக் கழுவிக் கடலில் சேர்க்கும். மலக்கழிவிலுள்ள நைதரசனும் பொசுபரசும் நீரில் கலக்கும்போது, ஊட்டம் குறைந்த தெளிநீருக்குப் பழகிய முருகைக்கல்லின் மேல் பாசி படர்ந்து ஒளியை மறைக்கிறது. ஓர் இரவு பத்துப் பேர் தங்குவதால் இது நேராது என்று வாதிடலாம். ஆனால் அனுமதி கிடைத்தால் பருவகாலத்தில் எந்த இரவும் பத்துப் பேரோடு நிற்காது என்பது நிலாவெளியை அறிந்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நெருப்பு, ஒளி, ஓசை ஆகியவற்றின் விளைவுகளும் சிறிய தீவில் பெருகிவிடுகின்றன. விறகென்று அங்கே கிடைப்பது கரையொதுங்கிய மரத்துண்டுகளும் பாறைமேல் தொற்றி நிற்கும் புதர்களுமே. கச்சான் வீசும் மாதங்களில், நிலப்பக்கமிருந்து வரும் வறண்ட காற்றில் ஒரு பொறி பறந்தாலும் தீவு முழுவதும் எரிந்துபோகக்கூடும். பகல் முழுவதும் மனிதரின் நடமாட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும் புறாக்களுக்கு இரவே ஓய்வு. அந்த இரவிலும் விளக்கும் பாட்டுப்பெட்டியும் வந்துவிட்டால் அவை அடைகாப்பதற்கு வேறெங்கே போகும்?

பகல்தான் பிரச்சினை

இரவுத் தடை சரியானது. எனினும் அதை மட்டும் வைத்துப் புறாத்தீவு காக்கப்படுகிறது என்று சொல்லிவிட முடியாது. முருகைக்கற்பாறை மிதிபடுவது பகலிலேதான். போர் முடிந்த 2009க்குப் பின் கிழக்குக் கரையை நோக்கித் திரும்பிய பயணிகள் வெள்ளம், சித்திரை முதல் புரட்டாதி வரையான அமைதிக் கடல் மாதங்களில், அதிலும் பள்ளி விடுமுறைகளிலும் நீண்ட வார இறுதிகளிலும், இந்த 2 ஹெக்டேர் பாறையின் சிறு மணற்கரையில் வந்து குவிகிறது. நீந்தத் தெரியாதவர்கள் உயிர்காப்பு அங்கியோடு இறங்கிக் களைத்ததும் ஊன்றி நிற்க இடம் தேடுகிறார்கள். கால்படும் இடம் உயிருள்ள முருகைக்கல் என்பது அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. சுற்றுலாவைத் திட்டமிடுவோர் தாங்குதிறன் என்றழைக்கும் ஒரு கணக்கு உண்டு: ஓரிடத்தின் இயற்கை தன்னைத்தான் ஈடுசெய்துகொள்ளும் வேகத்தை மீறாதபடி அங்கே ஒரு நாளில் எத்தனை பேரை அனுமதிக்கலாம் என்பதே அது. அந்த எண்ணிக்கை வாசலில் எழுதி வைக்கப்பட்டு, அது நிறைந்ததும் சீட்டு விற்பனை நிறுத்தப்படும் இடத்தில்தான் பாதுகாப்பு நடைமுறையில் இருப்பதாகக் கொள்ளலாம்.

தாய்லாந்தின் பிப்பி லே தீவிலுள்ள மாயா குடா இதற்குத் தக்க சான்று. 2000ஆம் ஆண்டில் வெளியான ஹொலிவூட் திரைப்படம் ஒன்றினால் உலகப் புகழடைந்த அச்சிறு குடாவுக்கு நாளொன்றுக்கு 5,000 பேர்வரை வந்துபோயினர். முருகைக்கற்களின் பெரும்பகுதி அழிந்தது. 2018 ஜூனில் அரசு அதை மூடியது. சில மாதங்கள் என்று தொடங்கிய மூடல் மூன்றரை ஆண்டுகள் நீண்டு, 2022 ஜனவரியில் மீண்டும் திறக்கப்பட்டபோது, படகுகள் குடாவுக்குள் வராமல் தீவின் பின்புறத்தில் நிறுத்தப்பட வேண்டும் என்றும், ஒரு நேரத்தில் சில நூறு பேருக்கு மேல் கூடாது என்றும் விதிகள் வந்தன. மூடியிருந்த காலத்தில் குடாவுக்குத் திரும்பி வந்து குட்டி ஈன்றவை, புறாத்தீவில் இன்றும் காணக்கூடிய அதே கருநுனித் துடுப்புச் சுறாக்களே.

தமிழர்க்கு இன்னும் அண்மையில் இரு வழிமுறைகள் உள்ளன. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில் 21 தீவுகளை உள்ளடக்கி 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவில், தீவுகளில் இறங்குவதையே பொதுவாகத் தடுத்துக் கடலைப் படகிலிருந்து பார்க்கவைக்கும் முறை கையாளப்படுகிறது. அந்தமானின் வண்டூரில் 1983இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவோ, ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்னும் இரு தீவுகளை ஆண்டின் ஒரு பாதிக்கு ஒன்று, மறு பாதிக்கு மற்றொன்று என மாறி மாறித் திறக்கிறது. பைகள் சோதிக்கப்பட்டு பிளாஸ்ரிக் விலக்கப்படுகிறது. எவரும் இரவு தங்குவதில்லை. இறங்கவே விடாத முதல் முறை நிலாவெளியின் படகோட்டிகளையும் உணவகக்காரரையும் வருமானமின்றி நிறுத்திவிடும். இரண்டாவதைப் புறாத்தீவுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளலாம்: இங்கே மாற்றித் திறக்கப் பெரிய தீவு வேறில்லையாயினும், முருகைக்கற்பாறையின் ஒரு பக்கத்தை மிதவைக் கயிற்றால் அடைத்து ஆண்டுதோறும் மாற்றுவதும், வாடைக்காற்றில் கடல் தானாகவே மூடிவிடும் மாதங்களோடு வெப்ப உச்சக் காலத்தின் சில வாரங்களையும் ஓய்வாகச் சேர்ப்பதும் செலவு மிகுந்த காரியங்கள் அல்ல. நங்கூரம் போடாமல் படகுகளைக் கட்டுவதற்கு நிலையான மிதவைகள் அமைப்பதும் இதில் அடங்கும். இவற்றை விதித்துவிட்டுப் போகாமல் படகோட்டிகளையே காவலர்களாக்க வேண்டும். குறைந்த பயணிகளிடம் சற்று அதிகக் கட்டணம் என்ற கணக்கு அவர்களுக்கும் நட்டமில்லாதது. பாறை செத்துவிட்டால் நிலாவெளியில் படகேற யாரும் வரமாட்டார்கள் என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை.

கூடாரப் பயணிக்கு மிஞ்சுவது என்ன? நிறையவே உண்டு. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் வில்பத்து, வஸ்கமுவ, மாதுறு ஓயா முதலிய பரந்த தேசியப் பூங்காக்களில் முன்பதிவோடு தங்கக்கூடிய முகாம்களை நடத்துகிறது. ஆயிரக்கணக்கான ஹெக்டேர் காட்டில் ஒரு கூடாரத்தின் சுமை தாங்கக்கூடியதே. கடலோரம்தான் வேண்டுமென்பவர்களுக்கு நிலாவெளிக்கு வடக்கே குச்சவெளி, புல்மோட்டை நோக்கி நீளும் கரையில் காணி உரிமையாளரின் இசைவோடு தங்குமிடம் தேடிக்கொள்ளலாம். அங்கேயும் சில கட்டுப்பாடுகள் தாமாக ஏற்கப்பட வேண்டியவை. கடலாமைக் குஞ்சுகள் இரவில் மணலிலிருந்து வெளியேறி வெளிச்சமான அடிவானத்தைக் கடலென்று நம்பி ஓடுவன. கரையில் எரியும் விளக்கும் நெருப்பும் அவற்றை எதிர்த்திசையில் இழுத்துவிடும். ஆகையால் விளக்குகளைத் தாழ்த்தி மறைப்பதும், மணலில் தீ மூட்டாமல் சிறு எரிவாயு அடுப்பைப் பயன்படுத்துவதும் நல்லது. தோலில் பூசும் சில வெயில்காப்புக் களிம்புகளிலுள்ள ஒக்சிபென்சோன் முருகைக்கல்லின் இளம் பருவத்துக்குத் தீங்கானது என்ற ஆய்வுகளையடுத்து, அது கலந்த களிம்புகளின் விற்பனையை 2021 ஜனவரி முதல் ஹவாய் தடைசெய்தது. கிழக்குக் கரையின் வெயிலுக்கு நீண்ட கைச் சட்டை அணிந்து நீந்துவது அதைவிட மலிவான காப்பு.

புறாத்தீவைப் பார்க்க விரும்பும் பயணி கூடாரத்தைக் கரையிலேயே விட்டுவிட்டு, விடுமுறை நெரிசலில்லாத வார நாளொன்றில் முதல் படகில் சென்று, மிதந்தபடியே பார்த்து, எதன்மீதும் கால் ஊன்றாமல், இறந்த முருகைக்கல் துண்டையும் எடுக்காமல், வெயில் ஏறுமுன் திரும்பட்டும். திணைக்களமோ நாளொன்றுக்கு எத்தனை பேர் என்ற எண்ணை நிலாவெளிச் சீட்டுக்கூடத்தின் முன்னால் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்து, அந்த எண் நிறைந்ததும், வந்து நிற்பவர் எவராயினும், சாளரத்தை மூடவேண்டும்.